கூடை, கதை, பந்தி
சிறு பிள்ளைகளோடு நன்றி செலுத்தும் நாளை ஆசரிப்பது எப்படி?

வேதபாடம்: உபாகமம் 26:1-11



நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நெருங்கிவிட்டால் இந்த அமெரிக்க தேசம் முழுவதும் ஒரே பரபரப்புதான். புதன்கிழமை மத்தியானமே ரோடெல்லாம் கார் நிரம்பி நிற்கிறது. விமான நிலையத்திலே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மாரைப் பார்க்கிறோம். நம்முடைய தமிழ் விசுவாசக் குடும்பங்களும் அப்படித்தான். அண்ணன் வீடு ஒரு ஸ்டேட், மச்சினன் வீடு இன்னொரு ஸ்டேட். வருஷத்துக்கு ஒருதரம் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு. ஆகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இல்லாவிட்டால் வருகிறவர்களுக்காக வீட்டைக் கழுவித் துடைத்து, ஓவனில் வான்கோழியும் அடுப்பில் பிரியாணியுமாக ஆயத்தப்படுகிறோம்.

நல்லதுதான். உறவுகள் கூடிவருவது கர்த்தர் தருகிற ஆசீர்வாதம். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். அன்றைக்கு ராத்திரி உங்கள் நாலு வயது மகனைப் படுக்க வைக்கும்போது, "தம்பி, இன்னிக்கு என்ன நாள்?" என்று கேட்டுப் பாருங்கள். "டர்க்கி டே" என்று சொல்லுவான். "யாருக்கு, எதுக்காக நன்றி சொன்னோம்?" என்று கேளுங்கள். முழிப்பான். அவன்மேல் குற்றமில்லை. காலையிலிருந்து அவன் காதில் விழுந்தது என்ன? "ஓடாதே. தொடாதே. சத்தம் போடாதே. மாமா முன்னாடி மானத்தை வாங்காதே. இந்தா போனைப் பிடி, ஒரு மூலையில உட்காரு." நன்றி செலுத்தும் நாளிலே நம் பிள்ளை ஒரு இடைஞ்சலாகிப் போகிறான்!

வேதத்தில் அப்படியில்லை பிரியமானவர்களே. பஸ்காவைக் கட்டளையிட்ட தேவன், "பிள்ளைகள் இதைப்பற்றிக் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்லவேண்டும்" என்ற ஏற்பாட்டையும் கூடவே வைத்தார் (யாத்திராகமம் 12:26,27). யோர்தானிலிருந்து 12 கற்களை எடுத்துக் கில்காலிலே நாட்டினதும், பின்னால் பிள்ளைகள் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காகவே (யோசுவா 4:20-22). கர்த்தருடைய பண்டிகைகளில் பிள்ளையின் கேள்விக்கு ஒரு இடம் எப்போதும் உண்டு. நம் வீட்டு வியாழக்கிழமையில் அந்த இடம் இருக்கிறதா?

இந்த மாதப் பாடத்துக்கு உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் முதல் 11 வசனங்களை எடுத்துக்கொள்ளுவோம். இஸ்ரவேலர் இன்னும் கானானுக்குள் போகவில்லை. மோவாபின் சமவெளியில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அப்போதே மோசே சொல்லிவிடுகிறார்: நீங்கள் அங்கே போய்க் குடியிருந்து முதல் விளைச்சல் கையில் வந்ததும் இன்னின்னது செய்யுங்கள். அதிலே மூன்று காரியங்களைக் காண்கிறோம். ஒரு கூடை. ஒரு கதை. ஒரு பந்தி. இந்த மூன்றையும் சிறு பிள்ளைகூடப் புரிந்துகொள்ளலாம். மூன்றிலும் சிறு பிள்ளைக்கு வேலை இருக்கிறது.

1. கூடை: கையில் பிடித்துக் கொடுக்கிற நன்றி

முதற்பலனைக் கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு வரவேண்டும். ஆசாரியன் அதை அவன் கையிலிருந்து வாங்கிப் பலிபீடத்துக்கு முன்பாக வைப்பான் (வசனங்கள் 2-4). கவனியுங்கள், நன்றி இங்கே வாயில் ஆரம்பிக்கவில்லை. கையிலே, தோளிலே ஆரம்பிக்கிறது. கூடைக்கு ஒரு கனம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று பேர் சொல்ல முடியும்.

நம்மில் பலர் ஊரிலே அறுப்பின் பண்டிகையைப் பார்த்து வளர்ந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்தார் ஸ்தோத்திரப் பண்டிகை என்று சொல்லுவார்கள். வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், கோழி என்று அவரவர் வீட்டில் விளைந்ததும் வளர்ந்ததும் ஆலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். கோழியைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆலயத்துக்கு நடந்த பிள்ளைக்கு "நன்றி என்றால் என்ன" என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அது இறக்கையடித்துக்கொண்டு அவன் கையிலேயே இருந்தது!

இங்கே நம் பிள்ளைகளுக்கு அரிசியும் பழமும் கடையிலிருந்து வருகிறது. விளைச்சல் என்ற காரியம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே வீட்டிலே ஒரு கூடையை வையுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டாம், பழைய பழக்கூடை போதும். ஞாயிற்றுக்கிழமையே சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிடுங்கள். வியாழன் வரைக்கும் தினமும் சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காரியத்தை அதிலே போடட்டும்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை ஒரு பொருளைப் போடட்டும். தன் சின்னச் செருப்பு, ஒரு ஆரஞ்சுப் பழம், எதுவானாலும் சரி. "இயேசப்பா, செருப்புக்கு நன்றி" என்று சொல்லட்டும். அது போதும். நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளை படம் வரையட்டும். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு சீட்டிலே எழுதட்டும். அவர்களுக்கு ஒரு ஒழுங்கு சொல்லிக்கொடுங்கள்: என்ன கிடைத்தது, யார் மூலமாகக் கிடைத்தது, இரண்டையும் எழுதவேண்டும். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி சூப் கொண்டுவந்தாங்க" என்று எழுதினால் அதுதான் கூடைக்குரிய பலன்.

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் 10 குஷ்டரோகிகளைப் பார்க்கிறோம். பத்துப் பேருக்கும் சுகம் கிடைத்தது. ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தான். அவன் உள்ளத்தில் நினைத்துக்கொண்டு வழியே போய்விடவில்லை. கால் திரும்பினது, சத்தம் உயர்ந்தது, முகங்குப்புற விழுந்தான். சரீரம் முழுவதும் ஸ்தோத்திரம் பண்ணினது. சிறு பிள்ளைகளும் அப்படித்தான் படிப்பார்கள். கையும் காலும் செய்ததை மனது பிடித்துக்கொள்ளும்.

எழுதின சீட்டுகளில் மனிதர் பேர் இருக்கும் அல்லவா? வியாழக்கிழமை காலையிலே அவர்களில் ஒருவருக்காவது பிள்ளையே போன் பண்ணட்டும். நியூயார்க்கில் காலை 9 மணியென்றால் ஊரிலே ராத்திரி ஏழரை. பாட்டி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கிற நேரம். "பாட்டி, நீங்க அனுப்பின முறுக்குக்கு தேங்க்ஸ்" என்று தமிழிலே தட்டுத்தடுமாறிச் சொன்னாலும், அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அதுவே பெரிய பண்டிகை.

கடைசியாகக் கூடை காலியாகவும் வேண்டும். முதற்பலன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஆகவே ஒரு அரிசிப் பையோ, பருப்போ, டப்பா உணவோ பிள்ளையின் கையாலேயே கூடையில் வைத்து, உங்கள் ஊர் இலவச உணவு வழங்கும் இடத்திலே அவன் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நீங்கள் செக் எழுதி அனுப்புவதை அவன் பார்க்கமாட்டான். அரிசிப் பையின் கனம் அவன் கைக்குத் தெரியும்.

2. கதை: மறைக்காமல் சொல்லுகிற நன்றி

கூடையை வைத்த பிறகு அவன் வாயைத் திறந்து ஒரு கதை சொல்லவேண்டும் (வசனங்கள் 5-9). "நான் நன்றாக விவசாயம் பண்ணினேன்" என்று அவன் ஆரம்பிக்கக்கூடாது. என் தகப்பன் அழிந்துபோகிற நிலையில் இருந்தவன், கொஞ்சப் பேராய் எகிப்துக்குப் போனான், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், நாங்கள் கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லவேண்டும். பாருங்கள், அடிமைத்தனத்தை மறைக்கவில்லை. கண்ணீரை மறைக்கவில்லை. தாழ்வை மறைத்துவிட்டால் தயவும் மறைந்துபோகும்.

நம் மேஜையிலே இரண்டு கதைகள் சொல்லப்பட வேண்டும்.

முதலாவது, நம் குடும்பக் கதை. இந்த தேசத்திலே பிறந்த பிள்ளைகள் அநேகருக்கு அப்பா எப்படி இங்கே வந்தார் என்று தெரியாது. டிக்கெட்டுக்காக யார் நகையை அடகு வைத்தார்கள்? முதல் குளிர்காலத்தில் யார் ஜாக்கெட் கொடுத்தார்கள்? வேலை போன மாதம் யார் வாடகைக்கு உதவினார்கள்? யார் உபவாசித்து ஜெபித்தார்கள்? இதையெல்லாம் நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகள், இந்த வீடும் காரும் தானாக முளைத்தது என்றுதான் நினைப்பார்கள். இங்கேதான் உறவினர் வருகையின் அருமை. உங்கள் கதையின் சாட்சிகள் அவர்கள். தாத்தாவையோ, பெரியம்மாவையோ, அத்தையையோ பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும்: "உங்களுக்குக் கஷ்டமான நேரத்துல கர்த்தர் என்ன செஞ்சாரு?" ஐந்து நிமிஷம் போதும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்த வருஷம் அந்தச் சாட்சியைச் சொல்ல அந்தத் தாத்தா இருப்பாரோ இல்லையோ, நமக்குத் தெரியாது.

இரண்டாவது, இந்த நாளின் கதை. நாம் இந்த தேசத்தின் விடுமுறையை அனுபவிக்கிறோம். அதன் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளுவதும் நியாயம்தானே.

1620ஆம் வருஷம் மேஃப்ளவர் என்ற கப்பலிலே 102 பேர் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். வந்து குடியேறின இடம் இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிளிமத். அந்த முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப்பேர் வியாதியில் மரித்துப்போனார்கள். மீந்தவர்களில் பாதி பேர் பிள்ளைகளும் வாலிபருமே. அந்த மண்ணில் எதை, எப்படி விதைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்குவான்டோ என்று அழைக்கப்பட்ட டிஸ்குவான்டம் என்ற பூர்வகுடி மனிதர், மக்காச்சோளத்தை மீனை எருவாகப் போட்டு விதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1621 இலையுதிர்காலத்தில் அறுப்பு கிடைத்தது. ஏறக்குறைய 50 குடியேறிகளும், தலைவர் மாசசோய்ட்டோடு வந்த 90 வாம்பனோவாக் மனிதரும் மூன்று நாள் விருந்து சாப்பிட்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள் வெறுங்கையாய் வரவில்லை, ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அதே வருஷம் எழுதின கடிதத்திலிருந்து இதை அறிகிறோம்.

மற்றொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. இந்தக் கப்பல் வருவதற்கு முன்னே, 1616க்கும் 1619க்கும் நடுவில், ஐரோப்பியர் மூலமாக வந்த கொள்ளைநோயில் அந்தக் கடற்கரை ஜனங்கள் திரளாய் மாண்டார்கள். டிஸ்குவான்டம் 1614இல் கடத்தப்பட்டு ஸ்பெயின் தேசத்தில் விற்கப்பட்டவர். 1619இல் திரும்பி வந்தபோது அவருடைய பாட்டக்ஸெட் கிராமத்தில் ஒருவரும் இல்லை. அந்த வெறுமையான கிராமத்தின் இடத்திலேதான் பிளிமத் எழும்பினது. தன் ஜனத்தை இழந்த ஒரு மனிதன், அதே இடத்தில் வந்து குடியேறினவர்களுக்கு விதைக்கக் கற்றுக்கொடுத்தான்! விருந்து நடந்து 55 வருஷம் ஆவதற்குள், 1675-76இல், அந்த இரண்டு ஜனங்களுக்கும் நடுவே கொடிய யுத்தம் வந்து, வாம்பனோவாக் ஜனம் நொறுக்கப்பட்டது. 1970 முதல் ஒவ்வொரு வருஷமும் இதே வியாழக்கிழமையில் பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடி அதைத் துக்கநாளாக அனுசரிக்கிறார்கள்.

"சின்னப் பிள்ளைகிட்ட இதையெல்லாம் எதுக்குச் சொல்லணும் பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: "இங்க முதல்ல இருந்தவங்க, புதுசா வந்தவங்களுக்கு உதவி செஞ்சாங்க. அப்புறம் அவங்களுக்கு ரொம்ப அநியாயம் நடந்துச்சு. அவங்க பிள்ளைங்க இன்னைக்கும் இருக்காங்க. நாம அவங்களுக்காகவும் ஜெபம் பண்ணுவோம்." காகித இறகுத் தொப்பி செய்து விளையாட்டாக்க வேண்டாம். வாம்பனோவாக் மக்கள் இன்றும் மாசசூசெட்ஸில் வாழ்கிறார்கள். நாமும் வேற்று தேசத்திலே யாரோ கற்றுக்கொடுத்த உதவியால் வேர் பிடித்தவர்கள். இதை மறந்த ஸ்தோத்திரம் வாயளவுதான்.

காலியான நாற்காலி

இங்கே சிலரை நினைத்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். சில வீடுகளிலே இந்த வருஷம் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். போன வருஷம் அதில் உட்கார்ந்து ஜெபித்தவர் இன்றைக்கு இல்லை. "எங்க வீட்டுல என்ன தேங்க்ஸ்கிவிங்? கதவைச் சாத்திக்கிட்டு இருந்துடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள்.

இந்த நாள் வந்த விதத்தைக் கேளுங்கள். 1621இல் பந்தியில் இருந்தவர்கள், வந்தவர்களில் பாதிப்பேரைப் புதைத்தவர்கள். வந்திருந்த மனைவிமாரில் நாலே பேர்தான் அப்போது உயிரோடிருந்தார்கள். இந்த நாள் தேசம் முழுவதற்கும் ஒரே பண்டிகையாக வேண்டுமென்று பல வருஷங்கள் எழுதி எழுதிக் கேட்டவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை. 1822இல் கணவனை இழந்து, ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த விதவை. 1863 அக்டோபர் 3ஆம் தேதி அந்த அறிக்கையை வெளியிட்டவர் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். அப்போது உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் பிப்ரவரியில்தான் அவருடைய மகன் வில்லி 11 வயதில் மரித்திருந்தான். விதவைகளையும், அநாதைகளையும், துக்கப்படுகிறவர்களையும் தேவனுடைய கையில் ஒப்புக்கொடுக்கும்படி அந்த அறிக்கையிலேயே கேட்டுக்கொண்டார். 1941இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி, நான்காம் வியாழன் என்று நிலைப்படுத்தினது.

ஆக, ஒரு குறையுமில்லாத குடும்பங்களுக்காக ஏற்பட்ட நாள் அல்ல இது. நம்முடைய கர்த்தரும் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலேதான் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார் (1 கொரிந்தியர் 11:23,24). துக்கம் இல்லாததுபோல நடியுங்கள் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. துக்கத்தின் நடுவிலும் ஸ்தோத்திரத்துக்கு இடமுண்டு என்றே சொல்லுகிறது.

பிள்ளைகள் இருக்கிற வீடானால், படத்தைத் திருப்பி வைக்காதீர்கள். "தாத்தா எங்கே?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். தாத்தாவைப்பற்றி ஒரு சீட்டு எழுதிக் கூடையில் போடச் சொல்லுங்கள். அம்மா அழுதால் பிள்ளை பார்க்கட்டும். அழுதுகொண்டே ஸ்தோத்திரம் பண்ணுகிற தாயைப் பார்த்த பிள்ளை, தன் வாழ்க்கையில் இருளான நாள் வரும்போது தேவனை விட்டு ஓடமாட்டான்.

3. பந்தி: பகிர்ந்துகொள்ளுகிற நன்றி

11ஆம் வசனத்தில் சந்தோஷம் வருகிறது. அந்தச் சந்தோஷத்துக்குள் வீட்டாரோடு லேவியனும் வருகிறான், பரதேசியும் வருகிறான். லேவியனுக்கு நிலம் இல்லை. பரதேசிக்கு ஊர் இல்லை. இரண்டு பேருக்கும் கூடை இல்லை. கூடை இல்லாதவர்களுக்கும் பந்தியில் பங்கு உண்டு.

லேவியராகமம் 7:15ஐயும் வாசித்துப் பாருங்கள். ஸ்தோத்திரபலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்கவேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு ஆட்டையோ மாட்டையோ ஒரு வீட்டார் ஒரே நாளில் எப்படிச் சாப்பிடுவார்கள்? ஆள் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்! நம் ஃப்ரிட்ஜ் நிறைய மிச்சம் இருந்தால், யாரையோ கூப்பிட மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

யாரைக் கூப்பிடுவது? பல கல்லூரிகளில் அந்த நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஊருக்குப் போக வழியில்லாத மாணவப் பிள்ளைகள் அறையிலே நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்த தம்பதியர் இருப்பார்கள். வயதான விதவைத் தாயார் இருப்பார்கள். வர முடியாதவர்களுக்கு நெகேமியா 8:10 சொல்லுகிறபடி பங்கு அனுப்புங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கிற நர்ஸ் சகோதரிக்கு ஒரு டப்பாவில் பிரியாணி போகட்டும். ஊரிலே கிறிஸ்மஸுக்குப் பலகாரத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தது நாம்தானே? அந்தத் தட்டை இப்போது நம் பிள்ளைகள் சுமக்கட்டும்.

சிறு பிள்ளைகளோடு விருந்துக்குப் போகிறவர்களுக்கும், விருந்து வைக்கிறவர்களுக்கும் சில ஆலோசனைகள்:

பிள்ளையின் தூக்க நேரத்தைப் பார்த்துப் பயணத்தையும் சாப்பாட்டையும் வையுங்கள். மூன்று மணி வரைக்கும் பசியோடு வைத்துவிட்டு, பிறகு "அடம் பிடிக்கிறான்" என்று அடிப்பது நியாயமல்ல.

"பாட்டுப் பாடு, வசனம் சொல்லு" என்று கூச்சப்படுகிற பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். கட்டிப்பிடிக்கச் சொல்லியும் வற்புறுத்த வேண்டாம். கும்பிட்டு "ஸ்தோத்திரம் மாமா" என்று சொன்னால் போதும். மார்க்கையும் நிறத்தையும் உயரத்தையும் வைத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசுவதை உறவினர் அறவே விட்டுவிடுங்கள்.

பந்தி ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். அரை மணிநேர ஜெபத்தை முழு இரவு ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரட்சிக்கப்படாத சொந்தக்காரர் வந்திருந்தால், அவர்களைக் குத்திக்காட்ட ஜெபத்தைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் பிள்ளை கூடையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வாசித்தால், அதுவே அவர்களுக்குப் பிரசங்கம்.

புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுடைய பாதுகாப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. சமையல் தீ விபத்துகள் இந்த தேசத்தில் வருஷத்திலேயே அதிகமாக நடப்பது இந்த நாளில்தான். அடுப்பைச் சுற்றி மூன்று அடிக்குள் பிள்ளைகள் வரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரைப் பையை உயரத்தில் வையுங்கள். நாலு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், முழு முந்திரி, பாதாம் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. முதல்தரம் வான்கோழி செய்கிற சகோதரிகளுக்கு: உறைந்த வான்கோழி ஃப்ரிட்ஜில் இளக, நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். 15 பவுண்டு என்றால் ஞாயிறே வெளியே எடுங்கள், ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு. வெந்தபின் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கவேண்டும். மீந்ததை இரண்டு மணிநேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

விருந்தாளியாய்ப் போகிறவர்கள் நீதிமொழிகள் 25:17ஐயும் நினைவில் வையுங்கள். அடிக்கடி போய் உட்கார்ந்தால் சலித்துப்போவார்கள் என்று சாலொமோன் அன்றைக்கே எழுதிவைத்தார். நாலு நாள் தங்கினால் பாத்திரம் கழுவ உங்கள் பிள்ளைகளும் வரட்டும்.

இனி முக்கியமான ஒரு காரியம். பந்தி முடிந்து காரில் திரும்பி வருகிறோம். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம். "உங்க அக்கா பார்த்தீங்களா, எவ்வளவு பெருமை!" "உங்க அண்ணன் மட்டும் என்னவாம்?" "அந்தச் சாப்பாட்டுல உப்பே இல்லை." பிரியமானவர்களே, பிள்ளைகள் தூங்கவில்லை. மேஜையில் ஸ்தோத்திரம் பண்ணின அதே வாய், அந்த வீட்டாரையே காரில் கிழித்துப்போடுவதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் கூடை வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த அரைமணி நேரப் பயணத்தில் அழிந்துபோகும். "நன்றி என்பது முகத்துக்கு நேரே சொல்லுகிற வார்த்தை" என்று அவர்கள் படித்துக்கொள்ளுவார்கள். ஆகவே காரில் ஏறினதும் தகப்பன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இன்னிக்கு அத்தை வீட்டுல உங்களுக்குப் பிடிச்சது என்ன?" பேச்சு அந்த வழியாகப் போகட்டும். உண்மையாகவே மனஸ்தாபம் இருந்தால், மத்தேயு 5:23,24இன்படி போய் ஒப்புரவாகுங்கள். பின்சீட்டுக்குக் கேட்க அதைப் பேசாதீர்கள்.

வீட்டில் செய்ய

ஞாயிறு: கூடையை மேஜைமேல் வையுங்கள். உபாகமம் 26:1-11ஐக் குடும்பமாக வாசியுங்கள்.
திங்கள் முதல் புதன்: தினமும் ஆளுக்கு ஒரு காரியம் கூடையில் போடுங்கள். தனிமையாயிருக்கிற ஒருவரைப் பந்திக்கு அழையுங்கள்.
வியாழன்: காலையில் ஒரு நன்றி அழைப்பு. பந்தியில் ஒரு குடும்பக் கதை. கூடையிலிருந்து மூன்று சீட்டுகளைப் பிள்ளைகள் வாசிக்கட்டும்.
வெள்ளி: கடைகளில் தள்ளுபடி விலைக்கு ஓடுவதற்கு முன், கூடையில் சேர்ந்த உணவுப் பொருளைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சிந்திக்க

1. நாங்கள் இந்த தேசத்துக்கு வந்த கதை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா?
2. எங்கள் பந்தியில் இந்த வருஷம் லேவியன் யார்? பரதேசி யார்?
3. காரில் நாங்கள் பேசுகிறதைக் கேட்கிற பிள்ளை, நன்றியைப்பற்றி என்ன கற்றுக்கொள்ளுவான்?

அன்பானவர்களே, இந்த வருஷம் கூடை நிரம்பினவர்களும் உண்டு, நாற்காலி காலியானவர்களும் உண்டு. இரண்டு பேரையும் கர்த்தர் தமது சமுகத்துக்கு அழைக்கிறார். உங்கள் கூடையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பந்தியைச் சுற்றிலும் இருக்கிற உங்கள் பிள்ளைகளைக் கர்த்தர் தாமே ஆசீர்வதித்து, தலைமுறை தலைமுறையாய் அவரை ஸ்தோத்திரிக்கிற சந்ததியாக நிலைநிறுத்துவாராக. ஆமென்.